பாரைத் தலையும் கல்லைக் கடிக்கிற மீனும்

போன ஆடியில் தங்கச்சி நோர்வேயிலிருந்து புருசனோடு எங்கள் ஊர் சல்லிக்கு வந்தாள். அவர் அந்த நாட்டு வெள்ளைக்காரர். அங்கே வடக்கே மீன்பிடிக்கிற குடும்பம். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே பதிவுத் திருமணம் செய்திருந்தாள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. போவதற்குள் ஒருதரமாவது அவரை “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டுவிடமாட்டாரா என்பதுதான் அவளுடைய ஏக்கம். எனக்கும்தான்.

எங்கள் வீட்டில் மீன்தலை மாப்பிள்ளைக்கு. பங்கிட்டு வைப்பது அப்பா. என் புருசனுக்கு அந்த மரியாதை ஒருநாளும் தவறியதில்லை. வந்த அன்று மத்தியானம் நான் பாரை மீன் கறி காய்ச்சினேன். அப்பா சட்டிக்குள் அகப்பையை விட்டு, தலையைத் தூக்கித் தன் சோற்றுக்கோப்பையில் போட்டுக்கொண்டார். தங்கச்சியின் முகம் செத்துப்போயிற்று. என் புருசன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கூரையைப் பார்த்தார். வெள்ளைக்காரர் மட்டும் நெஞ்சில் கைவைத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். முழித்துப் பார்க்கிற அந்தத் தலையிலிருந்து அப்பா தன்னைக் காப்பாற்றிவிட்டாராம்! அப்பாவின் கோபம் இப்படி வீணாய்ப் போனதை நான் அதற்குமுதல் கண்டதில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மத்தியானமும் தலை அப்பாவுக்கே போனது.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் காலை அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் பக்கத்தில் குந்தி, போனில் ஒரு மீனைக் காட்டினார். பெரிய தலை, வெளியே தள்ளிய பல்லு.

“இதென்ன, மீனோ பேயோ?” என்றார் அப்பா. அவரோடு அப்பா கதைத்த முதல் கதை.

தங்கச்சி ஓடிவந்து நடுவிலிருந்து சொன்னாள். கல்லைக் கடிக்கிற மீன் என்று அங்கே அதற்குப் பேராம். ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கடலின் அடியில், பாறைப் பொந்துக்குள் சீவிக்குமாம். அந்தக் குளிரிலும் இரத்தம் உறையாதாம். நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கிப் பல்லெல்லாம் தேய்ந்து, வருசத்துக்கு ஒருதரம் கொட்டிப் புதிதாய் முளைக்குமாம்.

“அப்ப பல்லு முளைக்குமட்டும் பட்டினியோ?”

“ஓம் அப்பா. அந்த நேரந்தான் ஆண்மீன் முட்டையைச் சுத்திப் படுத்துக் காவலிருக்குமாம். மாசக்கணக்கா விட்டுப் போகாதாம்.”

“தாய் எங்க?”

“அது போயிடுமாம்.”

அப்பாவின் கை நின்றுவிட்டது. அம்மா செத்தபோது தங்கச்சிக்குப் பல் முளைத்திருக்கவில்லை. அந்த வருசம் முழுக்க அப்பா கடலுக்குப் போகவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு, மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டார். ஆம்பிளைக்கு இதென்ன வேலை என்று கரையெல்லாம் பகிடி பண்ணியது. இப்போது அவர் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அப்பா சட்டியிலிருந்து பாரைத் தலையைத் தூக்கினார். வெள்ளைக்காரரின் கோப்பையில் வைத்தார்.

“சாப்பிடுங்கோ மாப்பிள்ளை.”

தங்கச்சி சோற்றில் கையை வைத்தபடி அழத் தொடங்கிவிட்டாள். அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவைத்திருந்த ஒரே தமிழ்ச் சொல் “மாப்பிள்ளை”. அவர் தலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கையால் பிட்டு வாயில் வைத்தார்.

“கண்ணை விட்டிடாதேங்கோ,” என்றார் அப்பா.