பிரிந்த சட்டைப் பை

விடுமுறைக்கு இலுப்பூர் வந்த மறுநாள் என் சட்டையைச் சோப்புப் போடாமல் அலசி, கொடியில் போடாமல் பலகையில் விரித்துவைத்தேன். மனைவி செல்வி சிரித்தாள். "என்னங்க, சட்டைக்குக் காச்சலா? படுக்க வச்சிருக்கீங்க?" கை அப்படிப் பழகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

இராக்கில் ஆஸ்பத்திரித் துணி துவைப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில், கூட்டமாகக் கொன்று புதைக்கப்பட்டவர்களின் உடைகளைத் துவைக்கிறேன். எலும்புக்கு முகம் இல்லை. சொந்தக்காரர்கள் துணியைப் பார்த்துத்தான் முதலில் ஆளைச் சொல்கிறார்கள். வெறும் தண்ணீர், மெல்லிய பிரஷ். மண் போக வேண்டும், வேறெதுவும் போகக் கூடாது. நம் பக்கம் இறந்தவர் உடுத்தியதை வீட்டில் வைக்க மாட்டோம். அங்கே அதற்காகவே வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு பையனின் கட்டம் போட்ட சட்டை வந்தது. பையின் அடிப்பக்கம் பிரிந்திருந்தது. ஒரு தாய் பார்க்கப்போகிற சட்டையை இப்படியா வைப்பது என்று நாலு தையல் போட்டுவிட்டேன். எலும்புகளையும் உடைகளையும் ஆராயும் எங்கள் டாக்டர் ஷீரின் அதைப் பார்த்து, யார் தைத்தது என்று அரபியில் கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, கூச்சத்தோடு கையைத் தூக்கினேன். அவர் கத்தவில்லை. போட்டோ எடுத்து, எழுதிவைத்து, என் தையலை ஒவ்வொன்றாகத் தானே பிரித்தார்.

மறுநாள் அந்தத் தாய் வந்தார். உடைகளை மேசை மேசையாக விரித்திருந்தோம்; மண்ணில் கிடந்த துணியெல்லாம் ஒரே நிறம். அந்தச் சட்டையைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து பைக்குள் கையை விட்டார். இரண்டு விரல்கள் கீழே வெளியே வந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தைத்துத் தருகிறேன் கொடு என்று எத்தனை தடவை கேட்டேன், கழற்றியே தரவில்லையே" என்று அவர் அழுததை ஷீரின் பிறகு சொன்னார். எலும்புப் பரிசோதனையும் அவன்தான் என்றது. என் தையல் இருந்திருந்தால் அவர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். அந்த நினைப்பு இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை.

நேற்று மாலை, பத்தாவது படிக்கும் மகனின் வெள்ளைச் சட்டையில் பை பிரிந்திருக்கிறது என்று செல்வி ஊசியில் நூல் கோத்தாள். சட்டென்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"தைக்காத."

"ஏங்க? கிழிசலோட போனா வாத்தியாரு என்னையத்தான் கேப்பாரு."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையை என் மடியில் விரித்துத் தைக்கத் தொடங்கினாள்.

"நல்லா பாத்துக்கங்க. கருப்பு நூலு. மூணு முடிச்சு. இனிமே எப்பவும் நான் இப்புடித்தான் போடுவேன்."

"வெள்ளைச் சட்டைக்குக் கருப்பு நூலா?"

"அதுக்கும் பேசுவீங்களா?" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

உள்ளேயிருந்து மகன், "அம்மா, என் சட்டை எங்க?" என்று கத்தினான். சட்டையில் அவன் வேர்வை வாடை அடித்தது. மடியில் அதை வைத்துக்கொண்டு நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் விரல் மட்டும் அங்கே, அந்த மேசையருகே நின்று, முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது.