தொடாமல் வாசிக்கும் வாத்தியத்துக்குச் சத்தம் பழக்கியது

எங்கள் வீட்டில் வாத்தியத்தைச் செய்தவன் நான். வாசித்தவள் என் மனைவி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அவள் ராயக்கோட்டைக்காரி, நன்றாகப் பாடுவாள். கை படாமல் வாசிக்கும் மின்னணு வாத்தியம் ஒன்றை யூடியூபில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானே ஒன்று செய்தேன். வலப்பக்கம் நிற்கும் கம்பியின் அருகே கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும். இடப்பக்கம் படுத்திருக்கும் வளையத்துக்கு மேலே கையை உயர்த்தினால் சத்தம் கூடும், தாழ்த்தினால் அடங்கும்.

அப்படித்தான் என் கணக்கு. முதல் நாள் அவள் இடது கையைக் கொஞ்சம் தூக்கியதுமே அது வீறிட்டது. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "குக்கர் ஏதாச்சும் வெடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஏங்க, ஒரு விரக்கடை தூக்குனா கத்துது. அதுக்கு மேல எவ்வளவு தூக்குனாலும் அதே கத்தல்தான். நடுவுல ஒண்ணுமே இல்லையே," என்றாள் அவள்.

மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டினேன்.

"மீட்டருக்கா காது இருக்குது?"

ஒரு மர ஸ்கேலை வளையத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். கை எந்த உயரத்தில் இருந்தால் முணுமுணுக்க வேண்டும், எங்கே பேச்சளவுக்கு வரவேண்டும், எங்கே அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும் என்று அவளே காட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றையும் குறித்து, வாத்தியப் பெட்டிக்குள் இருந்த சிப்பின் புரோகிராமில் ஏற்றினேன். அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி முதன்முதலாக மெல்லப் பேசியது.

அடுத்தது வேகம். கையைப் பட்டென்று தூக்கினால் ஸ்வரம் அழுத்தமாக விழ வேண்டும், மெதுவாகத் தூக்கினால் விரிய வேண்டும். ஆனால் கையின் இயல்பான நடுக்கத்தையும் அது வேகம் என்று எடுத்துக்கொண்டது. நடுக்கத்தை வடிகட்டினேன். கொஞ்சம் கூடுதலாகவே வடிகட்டிவிட்டேன் போல. கை போய்ச் சேர்ந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"நான் கூப்பிட்டு ரெண்டு நிமிசம் கழிச்சு 'என்ன'ங்கறீங்களே, அது மாதிரியே இருக்குது."

சிரித்துவிட்டேன். ஆனால் கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. கை மெதுவாக நகரும்போது நன்றாக வடிகட்டவும், வேகம் எடுத்தால் விட்டுவிடவும் மாற்றி எழுதினேன்.

ஆயுதபூஜைக்குத் தொழிற்சாலையில் வாசிக்கச் சொன்னார்கள். சந்தனப் பொட்டு வைத்த பிரஸ் மெஷின்களுக்கு நடுவே மேஜையைப் போட்டோம். சுற்றிலும் இரும்பு, அதையும் கை என்று எடுத்துக்கொண்டு வளையம் குழம்பிப்போய், அவள் கையை அசைக்காமலே முனகியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"கேண்டீனுக்குத் தூக்கிட்டுப் போலாம் வாங்க," என்றாள் அவள், சாதாரணமாக.

நாலு பேர் மேஜையோடு தூக்கிவந்தார்கள். அங்கே மறுபடி சுருதியும் சத்தமும் சேர்த்தேன். பொரியும் சுண்டலும் கையுமாக நின்றவர்கள் முன்னால் அவள் ஒரு தாலாட்டு வாசித்தாள். இடது கை மூச்சுவிடுவது போல ஏறி இறங்கியது. கடைசி ஸ்வரத்தை அவள் தேய்த்துத் தேய்த்து இறக்கியபோது பொரி மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது.

எங்கள் கன்னடக்கார ஆபரேட்டர் முன்னால் வந்து, "மேடம், நானு ஒந்து சல ட்ரை மாட்லா?" என்று தானும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கக் கேட்டார்.

"மாடி, மாடி," என்று அவளும் கன்னடத்திலேயே 'செய்யுங்க' என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவர் கைக்கு அது எருமை மாதிரிக் கத்தியது. அவரே முதலில் சிரித்தார். அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை சேர்ந்திருந்தது.