தாழ்ப்பாள் இல்லாத அறை

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது என் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகளும் பெயின்ட் படாத ஒரு பட்டையும்தான் இருந்தன. குளியலறைக் கதவிலும் அப்படியே. அப்பா கழற்றியிருந்தார்.  ஏன் என்று நான் கேட்கவில்லை.

மணமுறிவுக்குப் பிறகு ஜெயமங்கலத்தில் பெற்றோர் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியகுளத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஒரு நாள் உயிரை விட்டுவிடப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அதன் பிறகு வந்த மாதங்களில் நான் தனியாக இருந்த நிமிடம் என்று ஒன்று கிடையாது. அம்மா என் கட்டிலை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்தாள். நான் குளிக்கும்போது வெளியே நின்று, "ஏத்தா, தண்ணி சூடா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் பதில் சொல்லக் கொஞ்சம் பிந்தினால் கதவு திறந்துவிடும். அப்பா விடியலில் வாழைத் தோட்டத்துக்குப் போய் ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். கூடத்து நாற்காலியை என் அறை வாசல் தெரியும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேப்பர் கையில் இருக்கும், பக்கம் புரளாது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாசத்தோடு நெருக்குகிறவர்களிடம் மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

தேனி டாக்டர் மாத்திரைகளோடு, வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் பேசவும் சொன்னார். ஆலோசகர் மதுரையில் இருந்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் பேசலாம் என்று ஏற்பாடானது. முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க இருக்கிற ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?" என்பதுதான்.

"இல்ல மேடம்" என்றேன்.

போனில் தெரியாத தூரத்தில், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க, நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றே சொன்னேன். அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

இரண்டாவது வாரம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்ப் பேசலாம் என்று கிளம்பினேன். அப்பா தடுக்கவில்லை. பின்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்து, பத்தடி தள்ளி ஒரு தென்னையடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வேலியைப் பார்ப்பதுபோல நின்றார். உள்ளே எண்ணெய் வாடையும் உரச் சாக்குகளும். சிக்னல் ஒரு கோடுதான். ஆலோசகரின் முகம் உறைந்து உறைந்து வந்தது. ஜன்னல் வழியாக அப்பாவின் சட்டை முதுகு வேர்வையில் நனைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயிலில் அவரை நிறுத்தி வைத்துவிட்டு என் துக்கத்தைப் பேச என்னால் முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் மறுபடியும் என் அறை. கொஞ்ச நேரம் பேசியதும் ஆலோசகர் நிறுத்தினார்.

"ஒவ்வொரு பதிலுக்கு முன்னாடியும் இடது பக்கம் பார்க்கிறீங்க. அங்கே யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே குரல் கொடுத்தாள். "நான்தாம்மா, அவ அம்மா. நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன். நீங்க பேசுங்க."

ஆலோசகர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் அப்பாவையும் கூப்பிடச் சொன்னார். மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம்.

"ஐயா, வாரத்துல அம்பது நிமிஷம் அவங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பேசணும்."

"சாத்தாமப் பேசுனா என்னங்க? நாங்க என்ன வேத்தாளா?" என்றார் அப்பா.

"உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சில விஷயத்தை மனசுக்குள்ளேயே வச்சிருக்காங்க."

அப்பா கதவில் இருந்த திருகாணி ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னைக்கும் கதவு சாத்தித்தான் இருந்துச்சு. தோளால முட்டித் தள்ளுனேன். இந்தத் தோள இன்னமும் தூக்க முடியல."

எனக்கு அது தெரியாது. இத்தனை நாளும் அவர் வலக்கையைத் தூக்காமல் சட்டை மாட்டுவதைப் பார்த்திருந்தும், ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஆலோசகர் அவசரப்படுத்தாமல் ஒரு வழி சொன்னார். தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தினால் போதும். பாதி நேரத்தில் அம்மா ஒருமுறை தட்டலாம், நான் உள்ளிருந்து குரல் கொடுப்பேன். ஆலோசகருக்கு ஏதாவது பயமாகப் பட்டால் அப்பாவின் நம்பருக்கு உடனே கூப்பிடுவார். இந்தக் கடைசிச் சங்கதி அப்பாவுக்குப் பிடித்தது. நம்பரை இரண்டு தடவை சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அறையை ஒழுங்குபண்ணினோம். நெல் மூட்டைகளைக் கூடத்துக்கு மாற்றினோம். மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளி, போன் சாயாமல் நிற்க இரண்டு கணக்குப் புத்தகங்களை முட்டுக் கொடுத்தேன். அம்மா ஒரு பழைய போர்வையைக் கதவின் உள்பக்கம் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். "சத்தம் வெளிய வராதுத்தா" என்றாள். வராமல் இருப்பது எனக்காகவா, அவளுக்காகவா என்று தெரியவில்லை.

ஆனால் அது ஆடி மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்று எங்கள் ஊரில் எந்தக் கதவையும் சும்மா விடாது. சாத்திவிட்டுத் திரும்பினால் படாரென்று திறந்துகொண்டது. ஸ்டூலை முட்டுக் கொடுக்கப் போனேன்.

"அது வேணாம்" என்று அப்பா வேகமாக வந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழிந்த வேட்டியை மடித்து எடுத்துவந்து கதவடியில் செருகினார். "நீ உள்ள நின்னு இப்படிச் செருகு" என்று சொல்லி வெளியே போய்த் தள்ளினார். திறந்தது. இன்னும் இறுக்கமாகச் செருகச் சொன்னார். தள்ளினார். திறந்தது. இடக்கையால் ஒருமுறை, காலால் ஒருமுறை. அம்மாவையும் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கையால் தள்ளினாள், காற்றுக்கு அசையாத கதவு அதற்குத் திறந்தது. அதன் பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. உள்ளே நின்றபடி, இந்த வீட்டில் என்னால் இனி எதையுமே அடைத்துவைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அம்மா கூடத்தில் டிவியைச் சத்தமாக வைத்தாள். பதினோரு மணிக்கு வேட்டியைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு யாருமில்லாத அறை. முதல் பத்து நிமிடம் தூக்கம், சாப்பாடு என்றே பேசினேன். அம்மா இல்லாத இடது பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்: பிழைத்ததற்காக நான் சந்தோஷப்படவில்லை, வீட்டில் இருக்கிறவர்களுக்காகச் சந்தோஷப்படுவதுபோல நடிக்கிறேன். ஆலோசகர் பதறவில்லை. "இப்ப சொன்னீங்களே, அது போதும் இன்னைக்கு" என்றார்.

பாதியில் அம்மா தட்டினாள். குரல் கொடுத்தேன். அவள் நகர்ந்து போகும் கொலுசுச் சத்தம் கேட்க நேரமானது.

இப்படிச் சில மாதங்கள் போயின. வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார், அவர்தான் கூட்டி வருகிறார். பஸ்ஸில் தனியாகப் போகிறேன் என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம் இன்னும் முடியவில்லை. மாத்திரை டப்பா அம்மாவின் பீரோவில்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை நான் பேசி முடித்து வெளியே வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தாள்.

"ஏத்தா, அந்தம்மாகிட்ட நானும் கொஞ்சம் பேசலாமா? அவுக பேசுவாகளா?"

அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டு வாங்கினேன். போனை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தேன். நான் வெளியே போகும் வரை அம்மா காத்திருந்தாள். பிறகு அவளே குனிந்து துணியைச் செருகினாள். அப்பாவும் நானும் கூடத்தில் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.