நாலு நம்பரும் ஒரு கரண்டி எண்ணெயும்

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தெற்குப் பக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பதை நான் விட்டு ஆறு வருடமாகிறது. அடித்து என்ன பயன்? பொங்கலுக்கு முதல் நாள் பால்போல அடித்து வைத்தால், பொங்கல் பானை காய்வதற்கு முன் என் கணவர் அதில் கரிக்கட்டியால் நாலு நம்பர் எழுதிவிடுவார். யாரோ ஒருவருடைய காரின் நாலு சிலிண்டருக்கும் நாலு நம்பர். கார் வாங்க வந்தவர்கள் அந்தச் சுவரைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். என் வீட்டில் யாராவது படம் பிடித்தது என்றால் அந்த ஊத்தைச் சுவரைத்தான்.

என் கணவர் பெயர் கனகலிங்கம். புத்தூரில் எங்கள் வளவுக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டு கராஜ் வைத்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை நிறுத்தி வைத்த வருடங்களில் பழைய கார்களுக்கு வந்த மவுசைக் கேட்கவே வேண்டாம். மாமரத்தின் கீழே கோழி முட்டையிட்ட கார்களெல்லாம் கழுவித் துடைத்து விலைக்கு வந்தன. வாங்குகிறவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தோடு எங்கள் வாசல் படலைக்கு வரத் தொடங்கினார்கள்.

அவரிடம் கொம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கிற கேஜ் ஒன்று இருக்கிறது. சுவிஸில் இருக்கும் தமையன் அனுப்பியது. அது இருக்குமிடம் கராஜ் அல்ல, எங்கள் அலுமாரி. பிஸ்கட் ரின்னுக்குள், பஞ்சுத் துணி சுற்றி, என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில். சேலைக்கு அந்துருண்டை வைத்தாரோ இல்லையோ, கேஜுக்குத் துணி மாற்ற ஒருநாளும் மறந்ததில்லை. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, கேஜை ஒவ்வொரு துவாரத்திலும் முறுக்கி, ஸ்ரார்ற்றரைச் சுற்ற வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு சுவரில் எழுதுவார். நல்ல கார், கூடாத கார் என்று அவர் வாயிலிருந்து வராது. "வாங்கலாமோ அண்ணை?" என்று கெஞ்சிக் கேட்டாலும், நம்பரைப் பாருங்கோ என்பதோடு சரி. நல்ல எஞ்சின் நூற்றைம்பது காட்ட வேண்டிய இடத்தில், ஒருமுறை தன் சொந்தச் சித்தப்பாவின் காருக்கே ஐம்பத்தைந்து என்று எழுதிவிட்டார். சித்தப்பா இரண்டு வருடம் எங்கள் வீட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

ஊரில் இப்படி உம்மென்று இருக்கிற மனிதர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் வேறு ஆள். அன்றைக்குப் பார்த்த எஞ்சின்களைப் பற்றி எனக்குச் சொல்லச் சொல்ல அவருக்குச் சோறு இறங்கும். எனக்கு விளங்குவதற்காக என் பிட்டுப் பானையையே எடுத்துக்கொள்வார். பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டிக்கும் பானை வாய்க்கும் நடுவில் சுற்றுகிற சீலை விலகினால் ஆவி பக்கத்தால் போய்விடும், பிட்டு அவியாது. அதுதான் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங் தேய்ந்த எஞ்சின். மேல் மூடி சரியாக மூடாவிட்டாலும் ஆவி போகும். அது வால்வு பழுதான எஞ்சின். எதால் போகிறதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீலையை நனைத்துப் பார். நனைத்ததும் ஆவி நின்றால் குற்றம் சீலையில், நிற்காவிட்டால் மூடியில். எஞ்சினில் சீலையை நனைக்கிறதென்றால், பிளக் துவாரத்துக்குள் ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விடுவது. எண்ணெய் விட்டதும் நம்பர் ஏறினால் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஓட்டையை அடைத்து வைக்கும்.

இருபத்தாறு வருடம் கேட்ட பாடம். நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்று சொன்னால் நீங்கள் என்னை ஏசுவீர்கள். ஏசுங்கள், பரவாயில்லை.

எனக்கு ஒரே தம்பி, மயூரதன். சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறான். அவனிடம் ஸ்ரீ நம்பர் பிளேட் போட்ட பழைய வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. அதை விற்று உழவுக்கு லாண்ட்மாஸ்டர் எடுக்க வேண்டும் என்று நின்றான். வாங்க ஆள் வந்தது, காரும் பிடித்தது, ஆனால் கனகலிங்கம் அண்ணை பார்த்து நம்பர் எழுதித் தந்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? கார் ரிங் தேய்ந்த எஞ்சின்போல நீலப் புகை விடுகிறது என்பது தம்பிக்குத் தெரியும். அத்தானிடம் சொல்லிக் கொஞ்சம் பார்த்து எழுத வை அக்கா என்று இரண்டு நாள் என் பின்னால் திரிந்தான். அத்தானிடம் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பி முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அப்போதுதான் அந்தக் கரண்டி எண்ணெய் விசயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு காலம் கேட்டதில் எனக்கும் ஏதோ ஏறியிருக்கிறதே.

சனிக்கிழமை காலை. ஏதோ போல்ற் வாங்க இவர் அச்சுவேலிக்குப் போன நேரமாகப் பார்த்துத் தம்பி காரைக் கொண்டுவந்து விட்டான். சண்டிலிப்பாயிலிருந்து ஓடி வந்த சூடு எஞ்சினில் இருந்தது. பிளக்குகளைக் கழற்றிப்போட்டு எண்ணெய் கேட்டான். எஞ்சின் ஒயில் இருக்கிற கராஜ் அலுமாரி பூட்டிக் கிடந்தது, திறப்பு இவர் மடியில். நான் குசினிக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அது இவர் சனிக்கிழமைதோறும் தலைக்கு வைத்து முழுகுகிற எண்ணெய். வெள்ளிக்கிழமை பின்னேரம் சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சி வைத்த நல்லெண்ணெய். துவாரத்துக்கொரு சின்னக் கரண்டி போதும் என்று நான் சொன்னேன். அவனோ விளக்குக்கு விடுவதுபோல நாலு துவாரத்துக்கும் தாராளமாக விட்டு, பிளக்கைப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு மாமர நிழலில் போய் நின்றான்.

இவர் வந்தார். பின்னாலேயே ஓட்டோ ஒன்றும் வந்தது. வாங்குகிறவர் யாரோ அச்சுவேலிப் பக்கத்து முதலாளி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓட்டோவிலிருந்து இறங்கியது முப்பது வயதுப் பிள்ளை ஒன்று. ஆரணி என்று பெயர். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அவள் இறங்கி, பிறகு தகப்பனை இறக்கினாள். அவரை இறக்க ஐந்து நிமிடம் பிடித்தது. பொன்னம்பலம் ஐயா, மெலிந்த மனிதர், முழங்கைக்குக் கீழே வெள்ளைத் துணிக்கட்டு. சிறுநீரகம் வேலை செய்யவில்லையாம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரித்து வர வேண்டும்.

மனிதர் கதிரையில் இருந்ததும் முதல் வேலையாகச் சிரித்தார். காருக்கு ஏதோ சோதனையாம், நான் கிழமைக்கு மூன்று தரம் சோதனை கொடுக்கிறவன், பயப்படாதே என்று காரைப் பார்த்துச் சொன்னார். ஆரணி மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் ஓட்டோ நடுவழியில் நின்று, வெயிலில் தகப்பன் மயங்கி விழுந்த கதையை இவரிடம் சொன்னாள்.

"எனக்கு வடிவான கார் வேண்டாம் அண்ணை. வழியிலை நிக்காத காராய் இருந்தால் காணும். நீங்கள் எழுதினால் நான் வேறை ஆரையும் கேக்கமாட்டன்."

தம்பியைப் பார்த்தேன். அவன் மாமரத்தில் எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

இவர் வீட்டு அலுமாரியைத் திறந்து ரின்னை எடுத்து வந்தார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், சூடு போதும். பிளக்குகளைக் கழற்றினார். நாலும் நனைந்து மினுங்கின. ஒன்றை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி கொயில் வயரை இழுத்துவிட்டார். கேஜை முதல் துவாரத்தில் முறுக்கிவிட்டு, தம்பியை உள்ளே ஏறி அக்சிலேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு திறப்பைத் திருப்பச் சொன்னார்.

எஞ்சின் முக்கி முக்கி ஆறு சுற்றுச் சுற்றியது. திறந்து கிடந்த மற்ற மூன்று துவாரத்தாலும் எண்ணெய் சீறிக்கொண்டு வந்து இவர் நெற்றியிலும் சட்டையிலும் தெறித்தது. முற்றம் முழுக்கச் சீரக வாசம், மிளகு வாசம்.

பொன்னம்பலம் ஐயா மூக்கை உறிஞ்சினார். "ஆரோ முழுகப் போகினம் போலை" என்றார்.

இவர் நெற்றியை ஒரு விரலால் வழித்து மூக்கடியில் பிடித்தார். அவ்வளவுதான். இருபத்தாறு வருடச் சனிக்கிழமை அந்த விரலில் இருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் மனிதர் வேலையை நிறுத்தவில்லை. நாலையும் பார்த்து முடித்தார். நூற்றுத்தொண்ணூறு, நூற்றெண்பது, நூற்றெழுபது, நூற்றெழுபத்தைந்து. கொம்பனியிலிருந்து இறங்கிய புதுக் காருக்குக்கூட இப்படி வராது.

கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிச் சுவரடிக்குப் போனார். கையைத் தூக்கினார், எழுதவில்லை. திரும்பினார். அவர் பார்த்தது தம்பியை அல்ல, என்னை.

"மலர், நீ சொல்லு. எழுதட்டோ?"

அந்த நேரத்தில் அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் ஓம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. ஆரணி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கத் தயாராக நின்றாள். தகப்பன் காரின் முன் கதவைத் திறந்து, தன் உடம்பு நோகாமல் உள்ளே ஏற முடிகிறதா என்று மெல்லப் பழகிக்கொண்டிருந்தார்.

"எழுதாதேங்கோ" என்றேன். "உது எஞ்சின்ரை நம்பர் இல்லை. என்ரை எண்ணெயின்ரை நம்பர்."

பிறகு ஆரணியிடம் ஒன்றும் மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். தம்பி காருக்குள்ளிருந்து இறங்கவே இல்லை, ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தான். அந்தப் பிள்ளை கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

இவர் பிளக்குகளைத் துடைத்துப் பூட்டி, தம்பியையும் ஏற்றிக்கொண்டு அச்சுவேலி வரை ஓடிவிட்டு வந்தார். போன வழி முழுக்க நீலப் புகை. ஏதோ கோயில் மடைப்பள்ளியே ரோட்டில் போகிறதென்று முன்வீட்டுச் சனம் படலைக்கு வந்து பார்த்தது. எண்ணெய் எல்லாம் எரிந்து முடிந்த பிறகு மறுபடி நாலு பிளக்கும் கழற்றி, மறுபடி கேஜ். இந்த முறை சுவரில் எழுதினார். நூற்றிருபத்தைந்து, நூற்றிருபது, எழுபது, நூற்றிருபது.

எழுதிவிட்டு, கராஜ் அலுமாரியைத் திறந்து எஞ்சின் ஒயில் எடுத்து, மூன்றாவது துவாரத்துக்குள் ஒரு சின்னக் கரண்டி விட்டார். எல்லோரும் பார்க்கத்தான் விட்டார். எழுபது நூற்றுப்பதினைந்துக்கு ஏறியது. நான் செய்ததும் இதே கரண்டி வேலைதான். நான் மூடி மறைக்கச் செய்தேன், அவர் அதே வேலையால் குற்றம் எங்கே என்று காட்டினார். எனக்கு அழவும் வந்தது, என் மனுசனை நினைக்கப் பெருமையாகவும் வந்தது.

வால்வு நன்றாக இருக்கிறது, ரிங்தான் போய்விட்டது, நாலுக்கும் மாற்ற வேண்டும் என்று ஆரணிக்கு விளங்கப்படுத்தினார். ஆரணி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் பிழையில்லை.

"மாத்தினாப்பிறகு திரும்ப எழுதுவியளோ?" என்று கேட்டாள்.

"இதே சுவரிலை எழுதுவன். பிடிக்காட்டி நீங்கள் எடுக்கத் தேவையில்லை."

அதற்குள் ஐயா முன் சீற்றில் வசதியாக இருந்து கண்ணை மூடிவிட்டார். அவரை இறக்குவதுதான் பெரும்பாடாகப் போனது. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்து, ரிங் வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றான். அத்தானோடு நின்று எஞ்சினை இறக்கி ஏற்றவும் அவனே வந்தான். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவான், கை முழுக்கக் கிறீஸோடு திரும்பிப் போவான்.

இவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் கதை நின்றுவிட்டது. பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். இடையில் வந்த சனிக்கிழமைகளில் நான் எண்ணெய்ப் போத்தலை எடுக்க முன்பே கிணற்றடியில் வெறும் தண்ணீரை அள்ளி வார்த்துவிட்டு வந்தார். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டோமா என்று ஏங்குவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அதிலிருந்து மூன்றாம் சனி வேலை முடிந்தது. ஆரணி தகப்பனோடு வந்து, தன் கையாலேயே திறப்பைத் திருப்ப, இவர் முள்ளைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதினார். நூற்றைம்பத்தைந்து, நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பத்தைந்து. இந்த முறை எண்ணெய் வாசம் இல்லை என்று ஐயாவுக்குக் குறை. ஆரணி சுவரைப் படம் பிடித்தாள், பிறகு என்னையும் சுவருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் பிடித்தாள். திங்கட்கிழமையே யாழ்ப்பாணம் போய்வந்துவிட்டுச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனாள். புகை இல்லை.

கார் போன பிறகு இவர் கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக் கல்லில் போய் இருந்தார். வாளியைத் தொடவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமையே காய்ச்சி ஒளித்து வைத்திருந்த போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையைக் குனிந்து கொடுத்தார். நான் போத்தலைச் சரித்தேன்.

"அளந்து விடு மலர்" என்றார். "கூட விட்டால் கிழவனும் குமரன் மாதிரி நம்பர் காட்டுவான்."