எட்டு நிமிடக்காரி

லாக்கரைப் பூட்டிவிட்டு நான்கு அடி நடப்பாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடியும் நான்கு அடி. சில நாள் இரண்டாம் முறையும் திரும்புவாள். அப்படித் திரும்பும் நாளில், பின்னால் நிற்கும் பெண்கள், "ஒன் லாக்கர யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாவ, நடட்டி" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவார்கள். பாண்டிச்செல்வியின் லாக்கரில் இருப்பது ஒரு ஜோடிச் செருப்பு, டிபன் டப்பா, செல்போன், ஒரு கிரெடிட் கார்டு. ஷிப்ட் முடிந்ததும் செருப்பும் டப்பாவும் போனும் அவளோடு வெளியே வரும். கார்டு வராது. வந்த நாளிலிருந்து அது கம்பெனிக்குள்ளேயே குடியிருக்கிறது.

"வெளிய கொண்டுபோனா அது சும்மா இருக்காது. இங்க கடையா இருக்கு, தேய்க்கதுக்கு?" என்பாள். போதாக்குறைக்குக் கார்டின் எண்ணின் மீதும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தின் மீதும் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பை ஒட்டி வைத்திருக்கிறாள். எண் கண்ணில் பட்டால் மனப்பாடம் ஆகிவிடும், மனப்பாடம் ஆனால் போனிலேயே சாமான் வாங்கலாம், அந்த வழியையும் அடைத்தாயிற்று. இவ்வளவு கட்டுக்காவலில் வைப்பதற்கு ஒரு கார்டை எதற்கு வாங்கினாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். கடனை அடைக்கத்தான் வாங்கினாள்.

ஒரகடத்தில் கார்களுக்கான மின்பலகைகள் செய்கிற ஒரு கம்பெனியில் அவள் ரிலீவர். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஓரமாகப் பதினாறு ஸ்டூல்கள், பதினாறு பெண்கள். ஒருத்திக்கு அவசரம் என்றால் கையைத் தூக்குவாள். பாண்டிச்செல்வி போய் நிற்பாள். எழுந்திருப்பவள் தன் மணிக்கட்டிலிருக்கும் கறுப்புப் பட்டையைக் கழற்றி இவள் மணிக்கட்டில் மாட்டிவிட வேண்டும். உடம்பிலிருக்கும் மின்சாரம் பலகையைக் கெடுத்துவிடாமல் தரைக்கு இறக்கிவிடுகிற பட்டை அது. பட்டை கைமாறிய பிறகுதான் ஸ்டூலை விட்டுப் போகலாம். போனவள் எட்டு நிமிடத்தில் வந்துவிட வேண்டும். பாண்டிச்செல்வி அடுத்த கை எங்கே தூக்கியிருக்கிறது என்று பார்ப்பாள். பதினாறு பேரின் வேலையும் அவளுக்கு அத்துப்படி. ஸ்டூலின் உயரத்தை வைத்தே இது யார் இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அவளுக்கென்று ஸ்டூல் கிடையாது.

மூன்று வருஷமாக எட்டு எட்டு நிமிடமாக வாழ்ந்ததில் நிம்மதியாக உட்காருவது எப்படி என்றே அவளுக்கு மறந்துவிட்டது. மண்ணூரில் தோழிகளோடு தங்கியிருக்கும் வாடகை அறையில் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபடிதான் சாப்பிடுவாள். கம்பெனி பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நிற்பாள். போன ஆவணியில் அக்கா மகளின் காதுகுத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்குப் போனவள், பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டாள். "எங்கட்டி ஓடுத, இலையில சோறு கெடக்கு" என்று அம்மா அதட்டிய பிறகுதான், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது உறைத்ததாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கடன் கதையையும் அவளே சொல்வாள். அதில் சிரிப்பு குறைவு. முதல் கார்டு, கம்பெனி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் வாங்கியது. சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும், கூடவே ஒரு பயணப் பையும் இனாம். அறைக்கு முன்பணம், ஒரு போன், ஊரில் வீட்டுக்குத் தகரம், தீபாவளித் துணி என்று ஐம்பத்தெட்டாயிரம் ஏறிவிட்டது. மாதாமாதம் வரும் பில்லில் மூவாயிரத்துக்குப் பக்கமாக ஒரு தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டிய தொகை. பாண்டிச்செல்வி அதுதான் பில் என்று நினைத்தாள். அறை வாடகையைக் கட்டுவது போல ஒரு நாள் பிசகாமல் கட்டினாள். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் வந்திருந்த செய்திகளையெல்லாம் வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்த்தாள். கொடுத்தது நாற்பதாயிரம். கடனில் குறைந்தது ஆறாயிரம்.

"கேட்டதத்தான குடுத்தேன்" என்று இப்போதும் சொல்வாள், யாரோ எதிரில் நின்று மறுப்பது போல. "நூத்துக்கு மூன்றர வட்டி. எங்க ஊர்ல மூணு வட்டிக்காரன் வீட்டு வாசல்ல எங்கப்பா செருப்பக்கூட விட மாட்டாவ. நான் மூன்றரைக்கு வாங்கிட்டு, ஒழுங்காக் கட்டுதோம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு அலைஞ்சிருக்கேன்."

அன்றிலிருந்துதான் அவள் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் விசாரித்தாள். இரண்டு பேங்க் வாசலை மிதித்தாள். கடைசியில் வேறொரு பேங்க் புதுக் கார்டு கொடுத்தது. பழைய கார்டின் பாக்கி ஐம்பத்திரண்டாயிரத்தையும் அதுவே கட்டிவிட்டது. கடன் இனி இந்தக் கார்டின் பேரில். ஆறு மாதத்துக்கு, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான வட்டி, தொடக்கத்தில் ஒரு கட்டணம். ஆறு மாதம் முடிகிற அன்று மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்துக்குத் திரும்பவும் மூன்றரை. பழைய கார்டை அன்றைக்கே ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். அதைச் செய்யாமல் இரண்டு கார்டிலும் தேய்த்து இரட்டைக் கடனில் மாட்டியவர்களை அவளுக்குத் தெரியும்.

அறைப் பெண்கள் கேட்டால் சுருக்கமாகச் சொல்வாள். "கடன் கொறையாது, எடந்தான் மாறும். ஆறு மாசத்துக்கு வட்டி நம்ம கழுத்த விட்டு எறங்கி நிக்கும், அம்புட்டுதான். அதுக்குள்ள நாம ஓடிரணும்." இன்னொரு விஷயமும் சொல்வாள்: மாற்றிய கடன் உள்ளே இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி ஓடும். லாக்கர் வாசமும் மஞ்சள் டேப்பும் அதனால்தான்.

மாதம் மூன்று முறையாவது பேங்க்குக்குப் போன் போடுவாள். பஸ் முழுக்கக் கேட்கும். அந்தப் பக்கத்துப் பையன் பணிவாக, "மேடம், உங்க மினிமம் டியூ..." என்று ஆரம்பிப்பான். "தம்பி, கேக்கதச் சொல்லாதிய. அடைக்கதச் சொல்லுங்க. முழுசா அடைக்க எவ்வளவு?" அவன் சொல்வான். இவள் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். கம்பெனி வாசலில் கை கழுவும்போது அது அழிந்துவிடும். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அந்த எண் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மாதம் ஒன்பதாயிரத்து இருநூறு வீதம் ஐந்து முறை கட்டிவிட்டாள். எப்படிக் கட்டினாள் என்பது மண்ணூர் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அரைக் கிலோ பருப்பு கால் கிலோ ஆனது அவர் கையால்தான். ஆறாவதுக்கு இருபதாம் தேதி கெடு. நேரம் பார்த்து, அந்த மாதம் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கையில் ஐயாயிரம் இருந்தது. மீதிக்கு அவள் நம்பியிருந்தது இன்சென்டிவ் பணம். அதுவும் இருபதாம் தேதி சாயங்காலம்தான் பேங்க்கில் ஏறும். இந்த முறை தவறினால் கடனை இன்னோர் இடத்துக்கு மாற்றவும் முடியாது. கம்பெனியோடு அவள் ஒப்பந்தம் சித்திரையில் முடிகிறது. வேலை இரண்டு மாதத்தில் முடியப்போகிறவளுக்கு எந்த பேங்க்கும் கார்டு தராது. பாண்டிச்செல்விக்குப் பயமாக இருந்தது. வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வேகமாக நடந்தாள், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் பூமாரி. அறைத் தோழி, பக்கத்து ஊர்க்காரி, லைனில் பதினோராவது ஸ்டூல். போன மாதம் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ்ல கட்டணும்ட்டி. ஒன் கார்டுல பதினெட்டாயிரம் தேய்ச்சுக் குடு. மாசாமாசம் தந்துருதேன்." பாண்டிச்செல்வி முடியாது என்றாள். ஏன் முடியாது என்பதை வட்டி, நாள், விதி என்று விலாவாரியாக விளக்கினாள். பூமாரியின் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். "சும்மா பூட்டி வச்சிருக்க. பூட்டியே வச்சுக்கோ" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அறையில் பேச்சு இல்லை. லைனில் மட்டும் பூமாரி கை தூக்குவாள், பாண்டிச்செல்வி போவாள், பட்டை கைமாறும். முன்பெல்லாம் மாட்டிவிடும்போது பூமாரி ஒரு கிள்ளு கிள்ளுவாள். அது இல்லாமல் போனது பாண்டிச்செல்விக்கு வலித்தது.

இருபதாம் தேதி வந்தது. அறையில் நாட்காட்டித் தாளை எப்போதும் கிழிப்பவள் பூமாரி. அன்று காலை பத்தொன்பதைக் கிழித்துவிட்டு, இருபதைச் சுற்றிப் பாண்டிச்செல்வி பேனாவால் போட்டிருந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிழித்த தாளை மடித்துக் குப்பையில் போட்டாள்.

மதிய ஷிப்ட். உள்ளே போகிறவரை பணம் ஏறவில்லை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு டீ ஆரம்பித்தது. பெல்ட் நிற்காது என்பதால் ஒவ்வொருத்தியாக, எட்டு எட்டு நிமிடம். பதினாறு பேருக்கும் பதிலாகப் பாண்டிச்செல்வி உட்கார்ந்து முடித்த பிறகு கடைசி டீ அவளுக்கு. முதல் ஸ்டூல் அம்சவல்லி திரும்பி வரும்போதே, "இன்சென்டிவ் ஏறிக்கீதுடி, இப்பதான் போன்ல பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாண்டிச்செல்வி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினாறாவது ஆள் முடிய ஏழு பதினெட்டு. ஏழு மணிக்கு மேல் கட்டினால் மறுநாள் வரவு என்று பேங்க் பையன் மூன்று முறை சொல்லியிருக்கிறான். போனோ லாக்கரில் இருக்கிறது.

சூப்பர்வைசர் பாபு அந்தப் பக்கம் வந்தபோது கேட்டாள். "சார், எனக்கு இப்பமே ஒரு அஞ்சு நிமிசம் தருவீயளா? லாக்கர் வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

பாபு மணிமங்கலத்துக்காரர், கெட்டவர் இல்லை. "ரிலீவருக்கு இன்னாம்மா ரிலீவரு? ரெண்டு பேரு லீவு போட்டுக்கினு பூட்டாங்க. நானே ரெண்டு லைனப் பாத்துக்கினு கீறேன். டீ முடிஞ்சதும் போயேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். ஒருவரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லை. ஏழாவது ஸ்டூல், எட்டாவது, ஒன்பதாவது. கால் கீழே தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. ஆறரைக்குப் பதினோராவது. பூமாரி எழுந்தாள், முகத்தைப் பார்க்காமல் பட்டையை மாட்டினாள், டீ அறைக்குப் போனாள். டீ அறைக்கு லைனைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு. லாக்கர்கள் அதற்கு அடுத்தாற்போல.

பாண்டிச்செல்வி மூன்று பலகைகளுக்கு இணைப்பான்களைப் பொருத்தித் தள்ளிவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்திரண்டு. நாலாவது பலகை வந்தது. அதையும் தள்ளிவிட்டு, வலது கையைத் தூக்கினாள்.

மூன்று வருஷத்தில் அந்தக் கை மேலே போனதை லைன் பார்த்ததில்லை. இரண்டு பெண்கள் கேலிக்குச் செய்கிறாள் என்று சிரித்தார்கள். பாபு தூரத்திலிருந்து, "யம்மா, கை தூக்குனா நீதானே வரணும்? இப்ப யாரு வருவா?" என்றார். பாண்டிச்செல்விக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கையை இறக்கவில்லை. அடுத்த பலகையை இடது கையாலேயே அழுத்திப் பொருத்தினாள். வலது கை தூக்கியபடியே இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூமாரி டீயை ஊதிக்கொண்டிருந்தாள். தன் ஸ்டூலில் ஒரு கை நிற்பதைப் பார்த்தாள். கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அது நிறைய இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, நடக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஓடியே வந்து ஸ்டூலின் பக்கத்தில் நின்றாள். பாண்டிச்செல்வியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பட்டைக்காக இடது மணிக்கட்டை நீட்டினாள்.