அரிசி வாளிக்குள் திறப்பு

றொபின்சன் புனிதர்கள் செய்யும் புதுமைகளைக் காணாதவர் அல்ல. நிறையக் கண்டிருந்தார், அதுதான் பிரச்சினை. தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவில் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்த ஒரு மனிதரைக் கண்ணாலேயே கண்டார். பின்னேரம் அதே மனிதர் அந்தக் கோலைத் தேடிக் கூடாரம் கூடாரமாக விசாரித்துத் திரிந்ததையும் கண்டார். பிள்ளையில்லாத ஒருத்திக்கு அன்னம்மாள் பிள்ளை கொடுத்தாள் என்று மனைவி அனஸ்தாசியா சொன்னபோது, அந்தப் பெண்ணுடைய புருசன் கட்டாரிலிருந்து திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.

அவர் முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். கடைசி யுத்தத்தில் பதுங்குகுழிக்குள் இருந்து அவர் கூப்பிடாத புனிதர் இல்லை. மகனின் உயிர் அந்தக் குழிக்குள்ளேயே போனது. பக்கத்தில் இருந்த மகள் மதுசாவுக்கு அப்போது ஆறு வயது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. அகதி முகாமிலிருந்து விட்டதும் தலவிலப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான கண்டக்குழிக்கு வந்து குடியேறினார்கள். தொண்டையில் குறையில்லை என்றார்கள் வைத்தியர்கள். "ஏன் பிள்ளை கதைக்கிறாய் இல்லை?" என்று றொபின்சன் தினமும் கேட்டார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கடலுக்குப் போவது அவருக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

பேச்சு நின்ற நாலாம் வருஷத் திருவிழாவுக்கு அனஸ்தாசியா ஒரு நேர்த்தி வைத்தாள். விடிந்ததிலிருந்து அன்னம்மாளின் சொரூபம் சுற்றி வந்து ஆசீர்வாதம் முடியும்வரை தாயும் தகப்பனும் வாய் திறப்பதில்லை. பிள்ளை சுமப்பதைத் தாங்களும் ஒரு நாள் சுமப்பது.

"மூண்டு பேரும் ஊமையா இருந்தா அன்னம்மாவுக்கு ஆர் விளங்கப்படுத்திறது?" என்றார் றொபின்சன்.

"அவவுக்கு விளங்கும். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாக் காணும்."

திருவிழா அன்று மத்தியானம்வரை அவர் பொத்திக்கொண்டுதான் இருந்தார். மரத்தடிக் கூடாரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார். கண்டக்குழியில் படகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவந்த சாஹுல் ஹமீது. அவர் பேசினால் போன் அதிகப்படிதான். கூடாரம் முழுக்கக் கேட்டது.

"மச்சான், கடல் ஏறி வருது! ஒங்கட போட்ட மேல இழுக்கணும். கயிறு ஊட்டுக்குள்ள கெடக்கு, ஊடு பூட்டிக் கெடக்கு. தொறப்ப எங்க வச்சீங்க? ஹலோ? உசிரோடதான் இருக்கீங்களா?"

கையால் காட்டினால் போனுக்குத் தெரியாது. படகு போனால் சோறும் போகும். அனஸ்தாசியா அகப்பையோடு உதட்டில் விரலை வைத்து முறைத்தாள். றொபின்சன் படகா நேர்த்தியா என்று ஒரு கணம் யோசித்தார். படகு வென்றது. அவர் வாயைத் திறக்கையில் மதுசா போனைப் பறித்தாள்.

"திறப்பு வெளி அடுப்படி அரிசி வாளிக்குள்ள கிடக்கு, மாமா."

குரல் கரகரத்து வந்தது. சாஹுல் ஹமீது பேச்சற்றுப் போனது கண்டக்குழி அறிய அதுவே முதல் தடவை.

"யா அல்லாஹ்! யாரு புள்ள பேசுற?"

"மதுசா. கெதியாப் போங்கோ, போட் உடையப் போகுது."

அனஸ்தாசியா சத்தமில்லாமல் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். றொபின்சனிடம் விளக்கம் தயாராக இருந்தது. தாய் தகப்பன் பேச முடியாத நேரத்தில் பிள்ளை பேசிவிட்டது, அவ்வளவுதான். விளக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. படகுக்காக நேர்த்தியை முறிக்கத் துணிந்த மனிதர், இப்போது ஒரு சொல் தவறி வந்தாலும் கொடுத்த குரலை அன்னம்மாள் திருப்பி எடுத்துவிடுவாளோ என்று பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மகள் வந்து அவர் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன் அப்பா கதைக்கிறியள் இல்லை?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது. நெஞ்சு நிறையச் சொல்ல இருந்தும் பேசாமல் இருப்பது எப்படி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பின்னேரம் சொரூபம் சுற்றி வந்தது. ஆசீர்வாதம் முடிந்து மணி அடித்தது. றொபின்சன் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது.

"இனிக் கதையுங்கோவன்!" என்றாள் அனஸ்தாசியா.

"பிள்ளை... சாப்பிட்டியா?"

"ஓம். பருப்புக்கு உப்புக் காணாது."

படகு ஓரத்தில் ஒரு வெடிப்போடு தப்பியது. திறப்பு இருக்கும் இடம் இப்போது கண்டக்குழி முழுக்கத் தெரியும். கள்ளனுக்கும் தெரியும், வேறு இடத்தில் வையுங்கோ என்று அனஸ்தாசியா நச்சரிக்கிறாள். றொபின்சனோ, வீட்டைப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் திறப்பை அரிசி வாளிக்குள் போடச்சொல்லி மதுசாவிடம் கொடுக்கிறார். எங்கே வைத்தாய் என்று வேண்டுமென்றே கேட்கிறார். அவள் சொல்லி முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார்.