நிறையாமல் போன கார்கோப் பெட்டி

பழிவாங்கிறதைப் பற்றிக் கதைச்சா எங்கட கோயில் சனம் முகத்தைச் சுழிக்கும். சுழிச்சிட்டுப் போகட்டும். சுபோதினி செய்ததை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான், பாதிக்குக் கையும் குடுத்தனான். எனக்கு ஒரு சொட்டு மனவருத்தமும் இல்லை.

நான் மாக்ரெட். கொட்டாஞ்சேனையில முதல் நன்மைச் சட்டை, பிள்ளையள் முதல் முதல் நற்கருணை எடுக்கிற அண்டைக்குப் போடுற வெள்ளைச் சட்டை தைக்கிறன். பரிசிலயும் ரொறன்ரோவிலயும் இருக்கிற எங்கட சனம் ஃபேஸ்புக்கில படம் பாத்து ஓடர் குடுக்கும். தைக்கிறது பெரிய காரியமில்லை, அனுப்புறதுதான் சீவன் போற வேலை. தபாலில போட்டா ஒருக்கா நேரத்துக்குப் போகும், ஒருக்கா பூசை முடிஞ்ச பிறகு போகும். பெரிய கூரியர்காரர் கேக்கிற சல்லிக்கு நானே சட்டையைக் கையில கொண்டு போய்க் குடுத்திட்டு வரலாம். கப்பலில விட்டா அது போய்ச் சேர முதல் பிள்ளை வளந்திடும். பிளேன் ஏறுற ஆரின்ரயாவது சூட்கேசுக்குள்ள திணிப்பமெண்டா, மாமிக்குக் கருவாடு வைக்கவே இடமில்லை எண்டுவினம். கடைசியில எல்லாரும் போய் நிக்கிறது வெள்ளவத்தையில இருக்கிற ஏதாவதொரு கார்கோக் கடையிலதான்.

அப்பிடி ஒரு கடை வைச்சிருந்தவன் பிரியந்தன். எங்களைப் போல சில்லறை ஆக்களின்ர பார்சல் எல்லாத்தையும் சேத்து ஒரு பெரிய பெட்டியாக் கட்டி, கட்டுநாயக்கவில இருக்கிற ஒரு கொம்பனிக்குக் குடுப்பான். அவங்கள் பிளேனில ஏத்துவாங்கள். பிரியந்தனுக்கு நெத்தியில திருநீறு, வாயில தேன். "அக்கா, அக்கா" எண்டு உருகுவான்.

சுபோதினியை நான் அந்தக் கடையில வைச்சுத்தான் கண்டனான். கரவெட்டிக்காரி. நாப்பத்தி மூண்டு வயசு, கலியாணம் கட்டேல்லை. கன காலம் தமையன் வீட்டு ஃபிளாட்டில ஹோலுக்குள்ள பாய் விரிச்சுப் படுத்து, அவையின்ர பிள்ளையளை வளத்துக் குடுத்தவள். பிள்ளையள் வளந்தாப் பிறகு மச்சாளுக்கு இவள் இருமினாலும் குற்றம், தும்மினாலும் குற்றம். அப்பதான் யாழ்ப்பாணக் கறித்தூள் இடிச்சு வெளிநாட்டுக்கு விக்கத் தொடங்கினவள். ஃபிளாட்டில மிளகாய் வறுத்தா மேல் மாடி கீழ் மாடி எல்லாம் இருமிக்கொண்டு கதவைத் தட்டும். அதால ஒரு சிங்கள நோனாவின்ர வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன அனெக்ஸை வாடகைக்கு எடுத்தாள். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு கதவு. அந்தக் கதவின்ர திறப்பு தன்ர கையில இருக்கிறதை அவள் எத்தினை தரம் எனக்குச் சொல்லியிருப்பாள். தூள் விக்காட்டி அந்தக் கதவும் இல்லை, திரும்ப மச்சாளின்ர ஹோல்தான்.

இந்த யாழ்ப்பாணத்துச் சனத்திட்ட ஒரு வியாதி இருக்கு. ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி, "ஊரில எவடம்?" கேக்கிறவரும் சொல்லுறவரும் ஒரே இடமெண்டா முடிஞ்சுது, பீரோச் சாவியைக்கூடக் குடுத்திடுவினம். பிரியந்தன் கரவெட்டி எண்டான். அதோட இவள் மற்றக் கடையளை எட்டியும் பாக்கேல்லை. வாடிக்கைக்காரரின்ர பேர், விலாசம், ஃபோன் நம்பர், ஆருக்கு உறைப்புக் கூட, ஆருக்குக் குறைய, எல்லாம் அவனுக்குச் சொல்லி வைச்சிருந்தவள். "எங்கட ஊர்ப் பொடியன்தானே மாக்ரெட் அக்கா" எண்டுவாள். கொட்டாஞ்சேனையில நாங்கள் கூடப்பிறந்த ஆக்களையே அப்பிடி நம்புறேல்லை.

ஒருநாள் நான் சட்டையளோட போய் நிக்கிறன். சுபோதினி அழாக்குறையா அவனிட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறாள். "தம்பி, போன மாசம் குடுத்த பெட்டி எங்க? சனம் பேசுது."

"ரொறன்ரோவில கஸ்டம்ஸ் மறிச்சு வைச்சிருக்குது அக்கா. நான் என்ன செய்ய?"

நான் என்ர சட்டைப் பார்சலை டேப்பால அளக்கக் குடுக்க மேசையைச் சுத்தி அங்கால போனன். அவன் செருப்பைக் கழட்டிப் போட்டிட்டு ஒரு காட்போட் பெட்டிக்கு மேல காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறான். பெட்டியில கொட்டை எழுத்தில இவளின்ர பேர். எனக்குத் தலைக்கு ஏறிச்சுது.

"பிள்ளை, ரொறன்ரோவுக்கு ஏன் போறாய்? உன்ர பெட்டி இஞ்ச இவரின்ர காலுக்குக் கீழ கிடக்குது" எண்டன்.

அவன் காலை எடுத்தான். அதுக்குப் பிறகும் சிரிக்கிறான், கேட்டீங்களோ. "ஓ, அது மாறுப்பட்டுப் போச்சுது, நாளைக்கே விடுறன்." விட்டான்தான். ஆனா மாரி மழைக்குள்ள ஈரச் சுவரோட அவ்வளவு நாள் கிடந்த தூள் என்ன கதியில போகும்? அங்க உடைச்சுப் பாத்தா வண்டு. வாடிக்கைக்காரர் படம் பிடிச்சு, அவள் பிரியந்தனையும் சேத்து வைச்சிருந்த தூள் வட்ஸ்அப் குறூப்பில போட்டினம். போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள்ள அதே குறூப்பில பிரியந்தன் எழுதுறான், "சுத்தமான கரவெட்டிக் கறித்தூள், என்ர மனிசி இடிச்சது, அஞ்சு நாளில கையில." இவள் ஊர்ப் பொடியனெண்டு குடுத்த நம்பரெல்லாத்துக்கும் தனித்தனியாவும் அனுப்பியிருக்கிறான். அப்பதான் விளங்கிச்சுது, பெட்டி மாறுப்படேல்லை, வேணுமெண்டுதான் வைச்சிருந்தவன். இவளின்ர தூள் பழசாக, தன்ர தூளைப் புதுசாக் காட்ட.

ஓடர் நிண்டு போச்சு. நான் அனெக்ஸுக்குப் போன நேரம் சுபோதினி மிளகாய் வறுக்கிற தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைச்சிட்டு நிலத்தில இருந்தாள். மாசக் கடைசியோட அறையை விடப்போறதா நோனாவுக்குச் சொல்லிப்போட்டாளாம். அழேல்லை. அழுதிருந்தா எனக்குப் பயம் வந்திராது.

"மாக்ரெட் அக்கா, உங்கட சட்டையை அவன் டேப் வைச்சுத்தானே அளக்கிறவன்?"

"ஓம், அதுக்கென்ன?"

"என்ர தூளை மட்டும் ஏன் தராசில வைச்சவன்?"

அதை வைச்சு ரெண்டு பேரும் பாத்தம். கொம்பனிக்காரன் ஒரு பெட்டிக்கு நிறையையும் பாப்பான், அளவையும் பாப்பான், எது கூடவோ அதுக்குத்தான் காசு. தூள் மட்டும் போட்டா பாரம். சட்டை மட்டும் போட்டா பெட்டி பெரிசு, உள்ளுக்குக் காத்து. தூளைக் கீழ அடுக்கி மேல சட்டையைப் பரப்பினா ரெண்டும் ஒரே காசுக்குள்ள போகும். பிரியந்தன் அவளிட்டப் பாரத்துக்கு வாங்குவான், என்னட்ட அளவுக்கு வாங்குவான், கொம்பனிக்கு ஒருக்காத்தான் குடுப்பான். அவன்ர சீவியமே அந்தப் பெட்டி நிறையிறதிலதான்.

"அவன்ர பெட்டியை நிறைய விடக்கூடாது" எண்டாள் சுபோதினி. அவ்வளவு மெல்லமாச் சொன்னாள். எனக்குப் பயமாவும் இருந்தது. நல்லாவும் இருந்தது.

அடுத்த நாளே பஸ் ஏறிக் கட்டுநாயக்கவுக்குப் போனாள். வாசலில நிண்ட சிங்களப் பொடியன் "மிஸ், சின்னப் பார்சல் எடுக்க மாட்டம்" எண்டு திருப்பப் பாத்திருக்கிறான். பேசிப் பேசி உள்ளுக்குப் போய், எவ்வளவு கிலோ சேந்தா நேரடியா எடுப்பினமெண்டு கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு தொடங்கினம் வேட்டையை. சட்டைக்கு நான். கொட்டாஞ்சேனையில எனக்குத் தெரிஞ்ச தையல்காரியள் எல்லாரையும் இழுத்தன். கொம்பனித்தெருவில அபாயா தைச்சு அனுப்புற பௌஸி வந்தார். தூள் ஓடர் இல்லாதபடியாப் பாரத்துக்கு, பயத்தம் பணியாரம் சுட்டு அனுப்புற ஜெயராணி அம்மாவை அவள் பிடிச்சாள். எல்லாரும் அதுவரைக்கும் பிரியந்தனிட்டக் குடுத்த ஆக்கள்தான். கொம்பனி கேட்ட காசை மட்டும் பிரிச்சு வாங்கினாள், தனக்கெண்டு ஒரு சதம் வைக்கேல்லை.

"விசரி, வாடகைக்காவது கொஞ்சம் வை" எண்டன்.

"வைச்சா அவனும் விலையைக் குறைச்சு இழுப்பான். சும்மா செய்யிற ஆளோட அவனால போட்டி போடேலாது." காதுத் தோட்டை அடைவு வைச்சு, அறையை விடேல்லை எண்டு நோனாவிட்டச் சொல்லி, அந்த மாச வாடகையைக் கட்டினாள்.

பிரியந்தன்ர கடையில பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நிறையும் வரைக்கும் வைச்சுக்கொண்டிருந்தான், இருந்த கொஞ்சப் பேரும் பார்சல் போகேல்லை எண்டு சண்டைக்கு வந்தினம். அவன்ர மனிசியின்ர தூளும் அந்தப் பெட்டிக்குள்ளதான். பாதிப் பெட்டியை விட்டா நட்டம், விடாட்டி வண்டு. நான் வேணுமெண்டே அந்த றோட்டால போய்ப் பாத்திட்டு வந்து சுபோதினிக்குச் சொல்லுவன். அவள் தன்ர பாட்டில பெட்டி கட்டுவாள். "இண்டைக்கு ஷட்டர் பாதிதான் திறந்திருக்கு" எண்டு சொன்ன நாள் மட்டும் எனக்குப் பால் தேத்தண்ணி போட்டுத் தந்தவள்.

கடைசியில ஒரு ஞாயிறு அவனே அனெக்ஸுக்கு வந்தான். நான் சட்டைக்கு லேஸ் வைச்சுக்கொண்டிருக்கிறன். திருநீறு இல்லை, சவரம் இல்லை.

"அக்கா, ஏதோ நடந்து போச்சு. எனக்கும் ரெண்டு பிள்ளையள். இந்தச் சட்டைப் பக்கத்தையாவது எனக்கு விடுங்கோ. கடையை மூட வேண்டி வரப்போகுது."

சுபோதினி அவனுக்குக் கதிரை போட்டாள். "குறூப்பில சொல்லும். வண்டு எப்பிடி விழுந்ததெண்டு உம்மட வாயால வொய்ஸில சொல்லும். பிறகு பாப்பம்."

அவன் ஃபோனை எடுத்தான். "ஏதோ தாமதம் காரணமா..." எண்டு தொடங்க இவள் கையை நீட்டி மறிச்சாள்.

"தாமதமில்லை. வைச்சிருந்தனான் எண்டு சொல்லும். ஏன் வைச்சிருந்தனீர் எண்டும் சொல்லும்."

சொன்னான். "சுபோதினி அக்காவின்ர தூளில பிழையில்லை, நான்தான் விக்கிறதுக்காக மறிச்சு வைச்சனான்." அனுப்பினான். கொஞ்ச நேரத்தில இவளின்ர ஃபோன் அடிக்கத் தொடங்கி நிக்கவேயில்லை. ஸ்காபரோவில ஒரு மனிசி அழுதழுது மன்னிப்புக் கேட்டு நாலு கிலோ சொன்னாள். எனக்கு அந்தச் சத்தம் பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது.

எல்லாம் அடங்கினாப் பிறகு அவன் கேட்டான், "அப்ப அக்கா, அந்தச் சட்டைப் பார்சலுகள்?"

"பாத்திட்டன். தரேலாது" எண்டு சொல்லி அவள் கதவைத் திறந்து விட்டாள்.

அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். அவன் கேற்றைத் தாண்டினாப் பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளையளைப் பற்றிச் சொன்னவனெல்லோ.

"கொஞ்சமும் பாவமில்லையோடி?" எண்டு கேட்டன்.

சுபோதினி தாச்சியை அடுப்பில வைச்சு மிளகாயைக் கொட்டினாள். "பாவம்தான்," எண்டாள். "அதுக்கு?"